உணர்ச்சி போதாது

ஒவ்வொரு பருவத்திலும் முதல் வகுப்பிலேயே சிலரை அழவைத்துவிடுவேன். அதற்குப் பெரிய கெட்டித்தனம் ஒன்றும் தேவையில்லை. அமெரிக்காவின் தெற்கு எல்லையோரத்தில் ஒரு மருத்துவமனை, மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு தாய், ஆங்கிலம் மட்டும் பேசும் ஒரு வைத்தியர், நடுவில் பத்து வயதுகூட ஆகாத ஒரு மகள். தாயின் வயிற்றில் இருப்பது புற்றுநோய் என்பதை அந்தப் பிள்ளைதான் தாய்க்கு ஸ்பானிஷில் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தாமல், படம் எதுவும் காட்டாமல் இதைச் சொல்வேன். முன்வரிசையில் மூக்கு உறிஞ்சும் சத்தம் தொடங்கும். ஜேர்மனியர்கள் காகிதக் கைக்குட்டைப் பொதி இல்லாமல் வீட்டைவிட்டு இறங்கமாட்டார்கள். பொதிகள் வரிசை வரிசையாகக் கைமாறும்.

அவர்கள் எல்லோரும் ஆசிரியர்களாகப் போகிறவர்கள். அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்கச் சமூகங்கள், இரண்டு மொழிகளில் வளரும் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் என்ன பாடுபடுத்துகிறது என்பதெல்லாம்தான் என் பாடம். யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களின் மகள், ஜேர்மனியின் மூன்சென் நகரத்தில் பிறந்தவள், லத்தினோக்களைப் பற்றி ஜேர்மன் மொழியில் ஏன் படிப்பிக்கிறாள் என்று எல்லோரும் கேட்பார்கள். சாமத்தியவீடு என்று நாங்கள் சொல்லும் பூப்புனித விழாப் பந்தியில் ஒரு முறை அப்பாவின் நண்பர் ஒருவர், "எங்கட சனத்தைப் பற்றிப் படிப்பிக்க ஏலாதோ பிள்ளை?" என்று கேட்டார். அவருக்குச் சோறு இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிவிட்டு நான் எழுந்துபோனேன்.

படிப்பித்துப் பார்த்தவள்தான் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் முதல் பாடம் ஜேர்மன் பள்ளிகளில் துருக்கிப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் என்பதாகத்தான் இருந்தது. வகுப்பு விறைத்துப்போனது. கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்களை இனவாதிகள் என்கிறீர்களா என்று ஒருத்தி கேட்டாள். பருவ முடிவில் மாணவர்கள் பெயர் போடாமல் எழுதும் கருத்துகளில் எனக்குக் கிடைத்தவை: கசப்பானவர், பக்கச்சார்பானவர், சொந்தக் காயத்தைப் பாடம் என்று விற்கிறார். துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டுக் கோப்பி ஊற்றித் தந்தார். நல்ல மனிதர். இந்த நாட்டில் நான் மிகவும் பயப்படுவது நல்ல மனிதர்களுக்குத்தான். "மக்களுக்குக் கொஞ்சம் தூரம் தேவை," என்றார். "இதே விஷயத்தைக் கடலுக்கு அப்பால் கொண்டுபோய் வையுங்கள். உங்களுக்கு ஸ்பானிஷும் தெரியுமே."

கொண்டுபோய் வைத்தேன். அடுத்த பருவத்தில் இருக்க இடமில்லாமல் சன்னல் ஓரத்திலும் உட்கார்ந்தார்கள். அதே அநியாயம், அதே தண்டனை, அதே பிள்ளைகள். மாறியது கடல் ஒன்றுதான். மனதைத் தொட்டது, வாழ்க்கையை மாற்றியது என்று எழுதினார்கள். டெக்சாஸில் ஸ்பானிஷ் பேசிய பிள்ளையைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்த ஆசிரியைமீது அவர்களுக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஆசிரியை கையில் கிடைத்திருந்தால் தோலை உரித்திருப்பார்கள். பக்கத்துத் தெருவில் துருக்கி மொழி பேசியதற்காக இடைவேளையில் உள்ளே இருத்தப்பட்ட பிள்ளையைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கும் வாடகை கட்ட வீடு இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தியை மறக்க முடியாது. எப்போதும் முன்வரிசை, எப்போதும் பென்சிலைக் கூராக்கி வைத்திருப்பாள். முதல் நாள் எல்லோரிலும் கூடுதலாக அழுதவளும் அவள்தான். நான் சொல்வதெல்லாம் அவளுக்கு வேதம். பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் அறிவை வகுப்புக்குள் எடுங்கள் என்று சொன்னால் அடிக்கோடிடுவாள். பிள்ளையைப் பற்றிப் பிள்ளையின் தலைக்கு மேலால் பேசாதீர்கள், பிள்ளையோடு பேசுங்கள் என்று சொன்னால் இரண்டு முறை அடிக்கோடிடுவாள். பெற்றோருக்காக மொழிபெயர்க்கும் லத்தினோப் பிள்ளைகளைப் பற்றி அவள் எழுதித் தந்த கட்டுரை, என் மாணவர்கள் எழுதியவற்றில் முதல் தரமானது. அப்படி மொழிபெயர்ப்பது பிள்ளைக்குச் சுமை மட்டும் அல்ல, பெருமையும் தன்னம்பிக்கையும்கூட என்று அழகாக வாதிட்டிருந்தாள். குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. எனக்கு அது அபூர்வம். கடைசி நாள் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு ஆரம்பப் பள்ளி ஆசிரியையாகப் போனாள்.

இனி என் வீட்டுக் கதை. என் அண்ணன் பஸ் ஓட்டுகிறான். அவன் மனைவியை நான் மச்சாள் என்பேன், அவளும் என்னை அப்படியே. கல்யாணம் செய்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. சட்டி, கத்தி, அவியல் பற்றியெல்லாம் நல்ல ஜேர்மன் பேசுவாள். 'தெர்மீன்' என்று ஒரு சந்திப்பு நேரம் குறித்துக் கடிதம் வந்துவிட்டால் அவளுக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்கு ஒரே மகள். நான்காம் வகுப்பு. என்னை மாமி என்று கூப்பிடுவாள், நான் வாங்கிக் கொடுக்கும் பொம்மைகளைக் கழற்றிப் பார்ப்பாள்.

மூன்சென் இருக்கும் பவேரியா மாநிலத்தில் நான்காம் வகுப்பு என்பது ஒரு அரிதட்டு. பத்து வயதில் பிள்ளைகளை மூன்றாகப் பிரிப்பார்கள். மேலே நிற்பவர்கள் கிம்னாசியத்துக்குப் போவார்கள். அங்கே போனவர்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு நேராகத் திறக்கும். மற்ற இரண்டு வகைப் பள்ளிகளுக்கும் போனவர்கள் சுற்றிச் சுற்றித்தான் வர வேண்டும், பலர் வருவதில்லை. அண்ணன் அப்படித்தான் பஸ்ஸில் ஏறினான். நான் தப்பினேன். என் மருமகள் கணக்கில் கெட்டிக்காரி. ஜேர்மன் பாடத்தில் மட்டும் கரையில் நின்றாள், அதுவும் எழுத்தில் குறையில்லை, வகுப்பில் கையை உயர்த்திப் பேசுவது குறைவு என்று. வகுப்புக்கு முன்னால் நின்று செய்யும் பேச்சு ஒன்றுதான் மிச்சம். அது நன்றாக அமைந்தால் கிம்னாசியம். அமையாவிட்டால் இல்லை.

பேச்சுக்கு அவள் தெரிவு செய்து வைத்திருந்தது சுரங்கம் துளைக்கும் இயந்திரம். வீட்டுக்குப் பக்கத்தில் புதிய ரயில் பாதைக்காகப் பூமிக்குள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தடுப்புப் பலகையில் ஒரு ஓட்டை இருக்கும், அதில் கண்ணை வைத்துக்கொண்டு பள்ளி முடிந்து நிற்பாள். மண் எங்கே போகிறது, தண்ணீர் உள்ளே வராமல் எப்படித் தடுக்கிறார்கள், எல்லாம் தெரியும். ஒரு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள்.

"மாமி, லேரரின் சுரங்கம் வேண்டாமாம். நான் என்ர நாட்டைப் பற்றிக் கதைக்கட்டாம்."

"உன்ர நாடு எது?"

"அதைத்தான் நானும் கேட்டனான். சிறீலங்காவாம்."

லேரரின் என்றால் ஆசிரியை. மற்றப் பிள்ளைகளுக்கு என்ன தலைப்பு என்று கேட்டேன். ஒருத்திக்குக் குதிரை, ஒருவனுக்கு எரிமலை, ஒருவனுக்கு உதைபந்தாட்டக் கழகம். அவளுக்கும் சிரியாவிலிருந்து வந்த ஒரு பிள்ளைக்கும் மட்டும் நாடு. எந்த மடச்சி இதைச் செய்தது என்று வாய்விட்டுக் கேட்டேன். மருமகள் ஆசிரியையின் பெயரைச் சொன்னாள். நான் கேள்விப்படாத குடும்பப் பெயர்.

அவள் சிறீலங்காவுக்குப் போனதே இல்லை. தாயிடம் கேட்டாள். மச்சாள், "அங்க என்ன கிடக்கு, சண்டைதான்," என்று சொல்லிவிட்டு வெங்காயம் வெட்டப் போனாள். மச்சாள் அந்தக் கதை எதுவும் எங்களிடம் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. கேட்டால் அழுவாளே என்ற பயம். பிள்ளைக்கு அந்தப் பயம் கிடையாது. சண்டையில் எங்கே ஒளித்தீர்கள் என்று கேட்டாள். பங்கருக்குள் என்றாள் தாய். பிள்ளையின் கண் விரிந்தது. பங்கர் எவ்வளவு ஆழம்? யார் வெட்டினது? கூரைக்கு என்ன போட்டது? மழை வந்தால் தண்ணீர் எங்கே போகும்?

நான் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த மாதிரிக் கேள்விகளுக்கு மச்சாளுக்குப் பதில் வந்தது. வெங்காயத்தை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "கன ஆழம் வெட்ட ஏலாது, கீழ கல்லு. 'ட'னா மாதிரி வளைச்சு வெட்டுவினம். மேல பனங்குத்தி அடுக்கி, அதுக்கு மேல மண் மூட்டை."

"ஏன் வளைச்சு?"

"செல் வந்து வெடிச்சா துண்டு நேர உள்ளுக்கு வராமலுக்கு."

"கெட்டித்தனம்," என்றாள் மகள், ஒரு பொறியியலாளர் இன்னொருவரைப் பாராட்டும் தொனியில். மச்சாள் சிரித்தாள். அந்தக் கதையில் அவள் சிரிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பங்கருக்குள் இரவில் அவளுடைய அப்பா எந்தப் பக்கம் படுப்பார், வாசலை எந்தச் சாக்கால் மூடுவார்கள் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. நாங்கள் அக்கறையோடு கேட்காமல் விட்ட அத்தனையையும் இந்தப் பிள்ளை அளவு எடுக்கும் சாக்கில் வாங்கிவிட்டாள்.

சப்பாத்துப் பெட்டியில் ஒரு பங்கர் செய்தாள். மூடியைத் தூக்கினால் உள்ளே வளைவு தெரியும். என் வீட்டுக்கு வந்து பேச்சைச் சொல்லிக் காட்டினாள். பூமிக்குள் போவதற்கு மனிதர்கள் வைத்திருக்கும் வழிகள் என்று தொடங்கி, இங்கே தெருவில் தோண்டும் இயந்திரத்தையும் அங்கே முற்றத்தில் தோண்டிய மண்வெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த மண்ணில் எது நிற்கும் என்று முடித்தாள். கொடுத்த தலைப்பையும் விடவில்லை, பிடித்த விஷயத்தையும் விடவில்லை. என்னிடம் படிக்கும் வளர்ந்த ஆட்களுக்கு இது வராது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிம்னாசியம் நிச்சயம் என்று அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

பேச்சு முடிந்து கொஞ்ச நாளில் பள்ளியிலிருந்து தெர்மீன் வந்தது. அண்ணனுக்கு அன்றைக்கு வேலை. மச்சாள் என்னைக் கூப்பிட்டாள். "மச்சாள், நீங்கள் ஒருக்கா வாங்கோ. எனக்கு உவை சொல்லுறது பாதி விளங்காது. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்." விடிய எழும்பி ரோல்ஸ் பொரித்து ஒரு பெட்டி நிறைய எடுத்திருந்தாள். ஆசிரியரைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அவளுடைய ஊர்ப் பழக்கம். இங்கே ஆசிரியர்கள் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்கமாட்டாள்.

வகுப்பறைக் கதவைத் திறந்தது என் முன்வரிசைக்காரி. கல்யாணத்தில் பெயர் மாறியிருக்கிறது. என்னைக் கண்டதும் கத்திவிட்டாள். கட்டிப்பிடித்தாள். "நீங்களா! இவளுடைய அத்தை நீங்களா! நான் இன்றைக்கு ஆசிரியையாக இருப்பதே உங்களால்தான்!" என்றாள். மச்சாளின் முகம் மலர்ந்துபோனது. எங்களுக்கு ஆள் இருக்கிறது, இனிப் பயமில்லை என்று அவள் நினைத்தது வெளியே தெரிந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன், வெட்கக்கேடு.

பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் எங்களை இருத்தினாள். மச்சாளின் முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. சுவரில் ஒரு உலகப் படம். வகுப்பில் உள்ள 'வெளிநாட்டு'ப் பிள்ளைகளின் புகைப்படங்களிலிருந்து நிற நூல்கள் அவரவர் நாட்டுக்கு ஓடின. இதே நகரத்து ஆஸ்பத்திரியில் பிறந்த என் மருமகளின் நூல் இந்து சமுத்திரத்தில் ஊசியால் குத்தப்பட்டிருந்தது. மச்சாள் ரோல்ஸ் பெட்டியை நீட்டினாள். முன்வரிசைக்காரி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "உணவை மறுப்பது அந்த வீட்டையே மறுப்பது. உங்கள் வகுப்பில் படித்தது," என்று ஒன்றை எடுத்துக் கடித்தாள். கண்ணை மூடிச் சுவைத்தாள்.

பிறகு பேச்சைப் பற்றித் தொடங்கினாள். அவள் ஜேர்மன் மொழியில் சொன்னதை நான் இங்கே தமிழில் தருகிறேன், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

"நான் அவளுடைய வீட்டு அறிவை வகுப்புக்குள் எடுக்க விரும்பினேன். நிறங்கள், வாசனைகள், பண்டிகைகள், ஒரு யானையாவது வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் பதுங்குகுழி பற்றிப் பேசினாள். அதையும் நான் மதித்திருப்பேன். ஆனால் அவள் அதை ஒரு கட்டட வேலையைப் போலச் சொன்னாள். ஆழம், வளைவு, மரக்குற்றி. சொந்தத் தாய் உயிருக்குப் பயந்து கிடந்த இடம்! முகத்தில் ஒரு அசைவும் இல்லை. மற்றப் பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். உணர்ச்சி போதாது. நான்கு போட வேண்டியதாயிற்று."

இந்த நாட்டில் ஒன்று நல்ல மதிப்பெண், ஆறு மோசமானது. நான்கு என்றால் கதை முடிந்தது.

"மொழியில் பிழை இருந்ததா?" என்று கேட்டேன்.

"ஒரு பிழையும் இல்லை. அதுதான் கவலை. மனப்பாடம் செய்தது போல இருந்தது."

"வகுப்பில் வேறு யாருடைய முகத்தையாவது பார்த்து மதிப்பெண் போட்டீர்களா? எரிமலை பற்றிப் பேசியவன் அழுதானா?"

அவள் கோபப்படவில்லை. தலையைச் சாய்த்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். முதல் நாள் மெக்சிகோச் சிறுமியின் கதையைக் கேட்டபோது இருந்த அதே முகம். "அது எரிமலை. இது அவளுடைய வேர். வேரோடு உறவு இல்லாத பிள்ளையைக் கிம்னாசியத்தில் கொண்டுபோய்ப் போட்டால் நொறுங்கிப்போவாள். அவளுக்குத் தேவை அழுத்தம் இல்லை, பாதுகாப்பான இடம். நடு வகைப் பள்ளிதான் அவளுக்கு நல்லது. உங்களுக்கு வலிக்கும், எனக்குப் புரிகிறது. நீங்கள் அத்தை. உறவினர்கள் நடுநிலையாக மொழிபெயர்க்க முடியாது என்று நீங்களே எங்களுக்குச் சொல்லித் தந்தீர்களே."

சொல்லிவிட்டு மருமகளின் பக்கம் திரும்பினாள். "பிள்ளையின் தலைக்கு மேலால் பேசக் கூடாது. நீயே அம்மாவுக்குச் சொல்லு, கண்ணு. மொழிபெயர்ப்பதில் நீ கெட்டிக்காரி. அதுதான் உன்னுடைய பலம்."

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் இடையில் புகுந்து, நானே சொல்கிறேன் என்றேன். முன்வரிசைக்காரி மென்மையாகக் கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள். எனக்கு அவளுடைய கையை முறிக்க வேண்டும் போல இருந்தது. அதற்குள் பிள்ளை தொடங்கிவிட்டாள், தாயைப் பார்த்து, முதுகை நிமிர்த்திக்கொண்டு.

"அம்மா, லேரரின் சொல்லுறா, என்ர பேச்சில பிழை ஒண்டும் இல்லையாம். ஆனா உணர்ச்சி போதாதாம். நீங்கள் பங்கருக்குள்ள பயந்துகொண்டு இருந்ததை நான் வீடு கட்டுற மாதிரிச் சொன்னனானாம். அதால நாலு போட்டவவாம். கிம்னாசியத்துக்குப் போனா நான் தாங்கமாட்டனாம், உடைஞ்சுபோவனாம். அதால மற்றப் பள்ளிக்கூடம்தான் நல்லதாம்."

"நீ வடிவா விளங்கப்படுத்தினனி எண்டெல்லோ மாமி சொன்னவ?" என்றாள் மச்சாள்.

"வகுப்பில பிள்ளையள் பயந்திட்டினமாம் அம்மா."

மச்சாளின் முகம் மாறியது. கிம்னாசியத்தை அவள் அந்த இடத்திலேயே மறந்துபோனாள். "ஐயோ, சின்னப் பிள்ளையள். நான்தானே அந்தக் கதையைச் சொல்லிக் குடுத்தனான். அம்மா மன்னிப்புக் கேக்கிறா எண்டு சொல்லு. இனிமேல் அப்பிடி ஒண்டும் கதைக்கமாட்டம் எண்டு சொல்லு."

பிள்ளை அதை ஜேர்மனில் சொன்னாள். இரண்டு பக்கமும் ஒரு சொல் சிந்தவில்லை. படித்துப் பட்டம் வாங்கிய மொழிபெயர்ப்பாளர்கள் நீதிமன்றத்தில் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். இவள் தன்னுடைய தண்டனையையும் தாயின் மன்னிப்பையும் ஒரே மூச்சில் கொண்டுபோய்க் கொடுத்தாள். முன்வரிசைக்காரியின் கண் நிறைந்துவிட்டது. மச்சாளின் கைமேல் தன் கையை வைத்தாள். "எவ்வளவு துணிச்சலான பெண்," என்றாள். மேசை இழுப்பறையிலிருந்து காகிதக் கைக்குட்டைப் பொதியை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அந்த அறையில் அழுதது அவள் ஒருத்திதான்.

"பார்த்தீர்களா, எவ்வளவு அருமையாக மொழிபெயர்க்கிறாள்!" என்றாள் என்னிடம்.

"அப்படியானால் அதற்கு ஒரு மதிப்பெண் போடுங்கள்."

"அது ஜேர்மன் பாடத்துக்குள் வராதே," என்றாள் உண்மையான வருத்தத்தோடு. இன்னொரு ரோல்ஸை எடுத்தாள்.

நான் அதற்குப் பிறகு பேசியதை எழுதுவதில் பிரயோசனம் இல்லை. நல்ல ஜேர்மன்தான், நீண்ட வாக்கியங்கள்தான். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், எதையும் மாற்றவில்லை. கட்டுரையில் கிடைக்காத குறையை அன்றைக்கு அவளில் தேடினேன், அன்றைக்கும் கிடைக்கவில்லை. நான் சொல்லிக் கொடுத்த ஒவ்வொன்றையும் சொல்லுக்குச் சொல் செய்திருந்தாள். பழியைத் தூக்கி என் தலையில் வைத்துக்கொள்ள நான் தயாரில்லை. அழுவதற்கு மெக்சிகோப் பிள்ளை, மதிப்பெண் போடுவதற்குத் தமிழ்ப் பிள்ளை என்று நான் ஒருநாளும் பாடம் எடுக்கவில்லை. அது இந்த நாட்டில் தானாக வருகிறது. மச்சாள் எழுந்து, தெரிந்த ஜேர்மனில், "மிக்க நன்றி, மிக்க நன்றி," என்று இரண்டு கையாலும் அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

வெளியே நடைபாதையில் நான் மச்சாளை மறித்தேன். இன்னும் ஒரு வழி இருக்கிறது, கிம்னாசியத்திலேயே சோதனை வகுப்பு வைப்பார்கள், பெற்றோர் பதிந்தால் போதும், பிள்ளை அங்கே போய்க் காட்டலாம், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

"வேண்டாம் மச்சாள்," என்றாள். "ரீச்சருக்குத் தெரியாததோ? பிள்ளை தாங்காது எண்டு அவவே சொல்லுறா. பிள்ளையைப் போட்டு வருத்த ஏலாது. அவவுக்கு இவளில நல்ல விருப்பம், என்ன? அழுதிட்டா, பாவம்."

அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவன் பஸ் நிற்கும் இடத்திலிருந்து பேசினான். "உன்னட்டைப் படிச்சவ எண்டு சொல்லுறாய். பிறகு நீயே பிழை எண்டு சொல்லுறாய். நாங்கள் ஆரை நம்புறது?" என்று கேட்டுவிட்டு, நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டான்.

மச்சாள் மத்தியான வேலைக்குப் போக வேண்டும். பிள்ளையை வீட்டில் விடும் வேலை எனக்கு. ஊபான் என்ற சுரங்க ரயிலில் ஏறினோம். கார்ஹிங் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகும் வண்டி. தமிழ்நாட்டு மாணவர்கள் சிலர் கதவோரம் நின்று ஆங்கிலமும் தமிழுமாகப் பரீட்சையைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கள் பேச்சு யாருக்கும் விளங்காது என்ற நம்பிக்கை. மற்ற நேரமென்றால் பிள்ளை காதைக் கூராக்கிக்கொண்டு என் பக்கம் பார்த்துச் சிரிப்பாள். இன்றைக்குச் சிரிக்கவில்லை. சப்பாத்துப் பெட்டிப் பங்கரை ஆசிரியை திருப்பிக் கொடுத்திருந்தாள், அது மடியில் இருந்தது. வண்டி சுரங்கத்துக்குள் போகும்போது வழக்கமாகச் சன்னலில் மூக்கை வைத்துச் சுவரைப் பார்ப்பாள், அதையும் செய்யவில்லை.

எனக்கு அடுத்த நாள் வகுப்பு இருந்தது. புதிய பருவம், முதல் நாள், மெக்சிகோச் சிறுமி. அதை எப்படிச் சொல்லப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது பிள்ளை என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமி, நான் அம்மாவுக்கு எல்லாம் சரியாத்தானே சொன்னனான்?"

"ஓம். ஒரு பிழையும் இல்லை."

கொஞ்ச நேரம் பெட்டியின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"நான் அழாமத்தான் சொன்னனான். அதுக்கும் நாலு போடுவாவோ?"